கந்தக பூமியின் புங்கை

சித்திரை பிறந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்மாய்கள் வற்றிவிடும். சீமைக்கருவேலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்பவை வேம்பும் புங்கையும்தான். அதிலும் புங்கைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மாசி, பங்குனியில் பழைய இலைகளைக் கொட்டிவிட்டு, வெயில் உறைக்கத் தொடங்கும் நேரத்தில் பளபளக்கும் புதுத் தளிர்களைப் போர்த்திக்கொள்ளும். மனிதர்களுக்கு நிழல் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் அதன் நிழல் மிக அடர்த்தியாக இருக்கும்.

அந்த நிழலின் அருமை பட்டாசுத் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆலை வளாகம் என்பது ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் சிறு சிறு அறைகள். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்த அறைக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக இடையில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். மருந்து புழங்கும் அறைகளுக்குள் மின்விசிறிக்கு இடமில்லை. அலுமினியத் தூள் ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்ட கைகளைக் கழுவிவிட்டு, மதியம் தூக்குவாளியைத் திறப்பதற்கு அவர்கள் வந்து உட்காரும் இடம் மரத்தடி.

அந்த நிழலில் ஒரு சபலமும் இருக்கிறது. அறையின் வெக்கை தாங்காமல், பொருட்களை வெளியே எடுத்துவந்து மரத்தடியிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடர்வது. வெடிபொருள் விதிகளின்படி இது மீறல். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் உரிமத்தை நிறுத்தி வைக்கும்போது சொல்லும் காரணங்களில் ‘மரத்தடியில் பட்டாசு தயாரித்தது’ என்பது திரும்பத் திரும்ப வரும். சோறு உண்ணவும் இளைப்பாறவும் மட்டுமே அந்த நிழல் என்பதை விருதுநகர் மாவட்டத்தில் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நிழலைத் தாண்டி இந்த மரத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் ‘தோலுக்கு நல்லது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அது சரிதான். ஆனால் எந்த அளவுக்குச் சரி, எங்கே நிறுத்த வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புங்கையின் தாவரப் பெயர் பொங்காமியா பின்னேட்டா. இப்போதைய நூல்கள் சில மில்லெட்டியா பின்னேட்டா என்று எழுதுகின்றன. அவரை, துவரை, புளி எல்லாம் சேர்ந்த பயறு வகைக் குடும்பத்து மரம். வேரில் முடிச்சுகள் வைத்துக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் ஆற்றல் இதற்கும் உண்டு. ஆங்கிலத்தில் ‘இந்தியன் பீச்’ என்று அழைக்கிறார்கள். ஐரோப்பாவின் பீச் மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. அது ஓக் மரத்தின் குடும்பம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒன்றின் மருத்துவக் குணத்தை மற்றொன்றின் தலையில் ஏற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. ஐரோப்பிய பீச்சுக்கு மருத்துவத்தில் கிடைத்த இடமே வேறு. 1832இல் ஜெர்மன் வேதியியலர் கார்ல் ரைஷன்பாக் மரத்தாரிலிருந்து கிரியோசோட் என்ற திரவத்தைப் பிரித்துக் காட்டினார். பீச் மரத்தாரிலிருந்து எடுத்த கிரியோசோட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் பல்வலிக்கும் சளிக்கும் காசநோய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜப்பானில் வயிற்றுப்போக்குக்காக இன்றும் விற்கும் செய்ரோகன் மாத்திரையில் இருப்பதும் மரக் கிரியோசோட்தான். புங்கையின் மருந்து தாரில் இல்லை. எண்ணெயிலும் இலையிலும் பட்டையிலும் பூவிலும் இருக்கிறது.

தமிழர் வீட்டு முற்றத்தில் புங்கை நிற்பது நேற்று இன்று ஏற்பட்ட பழக்கமல்ல. சங்கப் பாடல்களில் இதற்குப் புன்கு என்று பெயர். கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகை 53ஆம் பாடலில், முன்றிலில் நிற்கும் புன்கின் பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து கிடப்பது, வேலன் வெறியாடும் களத்தில் நெற்பொரி சிதறிக் கிடப்பதற்கு ஒப்பிடப்படுகிறது. சித்திரை, வைகாசியில் பூத்துக் கொட்டியிருக்கும் ஒரு புங்க மரத்தடியைக் காலையில் பார்த்தவருக்கு அந்த உவமைக்கு உரை தேவையில்லை. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள்; அவரைப் பூவின் அதே அமைப்பு. தேனீக்கள் மொய்க்கும் மரம் என்பதால் தேன் பெட்டி வைப்பவர்களுக்கும் பிடித்தமானது. வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே, நந்தனாருக்காக நந்தி விலகிய தலமாகச் சொல்லப்படும் திருப்புன்கூரில் தலமரமும் இதுதான்.

பக்கத்தில் போய் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தால் வேறொன்றும் கண்ணில் படும். பல இலைகளின் மேல் சின்னச் சின்ன விரல்களாக முடிச்சுகள் எழும்பி நிற்கும். மரத்துக்கு ஏதோ கொடிய நோய் என்று பயந்து வெட்டிவிடுபவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் இலையைக் குத்துவதால், இலை தன் திசுவை வளர்த்துக் கட்டும் கூடுகள் அவை. மரம் அதைப் பொருட்படுத்தாமல் வளரும். காய் தட்டையாக, கட்டை போல் கடினமாக, நுனியில் சிறு அலகோடு இருக்கும். பூத்துப் பத்து மாதம் கழித்துத்தான் முற்றும். ஓட்டைச் சுத்தியலால் தட்டிப் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு விதை, சுருக்கம் விழுந்த செம்பழுப்புத் தோலோடு. நகத்தால் கீறினால் விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும்; முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நெடி. நாக்கில் வைத்தால் கடும் கசப்பு. அந்தக் கசப்பே ஓர் எச்சரிக்கை.

விதையில் 30 முதல் 40 விழுக்காடு வரை எண்ணெய். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். பழைய காலத்தில் விளக்கெரிக்கவும், தோல் பதனிடவும், சோப்புக் காய்ச்சவும், வண்டிக்கு மசகாகவும் பயன்பட்டது. ஆனால் ஒரு வீட்டின் அலமாரியில் புங்க எண்ணெய்க் குப்பி இருந்தது என்றால் முதல் காரணம் சொறி, சிரங்கு, படை. எண்ணெயை இளஞ்சூடாக்கி அரிக்கும் இடத்தில் தடவுவார்கள். தலையில் பொடுகுக்கும் பூசுவார்கள். ஆறாமல் சீழ் வைக்கும் புண்ணைக் கழுவ வேரின் சாறு. மூட்டுவலிக்கு இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளியல். வீக்கத்துக்கு இலையை அரைத்துப் பற்று. வேப்பங்குச்சி கிடைக்காத காலையில் பல் துலக்கப் புங்கங்குச்சி. இவை எல்லாம் புறப் பயன்பாடு.

உள்ளுக்குக் கொடுப்பதும் சித்த மருத்துவத்தில் உண்டு. கக்குவான் இருமலுக்கு விதைப் பொடி, இரத்த மூலத்துக்குப் பட்டை, நீரிழிவுக்குப் பூ என்று அந்த மரபு போகும். ஆயுர்வேதத்தில் இதன் பெயர் கரஞ்சம். சரக சம்ஹிதையில் அரிப்பை அடக்கும் பத்து மூலிகைகளை ஒரு தொகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். சந்தனம், வேம்பு, கடுகு ஆகியவற்றோடு நக்தமாலம் என்ற பெயரில் புங்கையும் அதில் இடம்பெறுகிறது. கரிசல் காட்டுப் பாட்டி சொன்னதும் வடமொழி மருத்துவ நூல் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து சேர்வது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டு மரபுமே இந்த மரத்தை முதலில் தோலுக்கான மரமாகத்தான் கண்டிருக்கின்றன.

ஆய்வகம் என்ன சொல்கிறது? புங்க எண்ணெயில் இரண்டு பொருட்கள் முக்கியம். ஒன்று கரஞ்சின், மற்றது பொங்கமால். எண்ணெயின் மொத்த அளவில் இரண்டும் சேர்ந்து இரண்டு விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் வேலை பெரும்பாலும் இவற்றுடையது. கரஞ்சின் பூச்சிகளையும் உண்ணிகளையும் விரட்டும். சிரங்கு என்பது தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் ஒரு நுண்ணிய பேனால் வருவது. பூச்சியை விரட்டும் எண்ணெய் சிரங்குக்குப் பேர்பெற்றதில் ஒரு நியாயம் இருப்பது இங்கே விளங்கும். பொங்கமால் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை உள்வாங்கும் தன்மை கொண்டது. அதனால் வெயில் காப்புக் களிம்பு செய்பவர்கள் கரஞ்ச எண்ணெயை நாடுகிறார்கள்.

வயிற்றுப்போக்குக்குப் புங்க இலைக் கஷாயம் கொடுக்கும் வழக்கத்தை மும்பையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். முடிவு சுவையானது. கஷாயம் கிருமியைக் கொல்லவில்லை. ஆனால் காலராக் கிருமி சுரக்கும் நச்சின் உற்பத்தியைக் குறைத்தது. கிருமிகள் குடல் செல்களுக்குள் நுழைவதையும் தடுத்தது. ஒரு மூலிகை வேலை செய்கிறதா என்று பார்க்க, அது கிருமியைக் கொல்கிறதா என்று மட்டும் சோதித்துவிட்டுத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் இது. அதே 2006இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் புங்கம்பூவின் நீர்ச்சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததாக எழுதினார்கள். நீரிழிவுக்குப் பூ என்ற சித்த மரபின் வழக்கத்துக்கு அது ஒரு வலு.

ஆனால் ஆய்வகத் தட்டும் எலியும் மனிதர்கள் அல்ல. புங்கை பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே நிற்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், எலிக்குக் குறைந்தது என்ற செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவைப் பொடித்து விழுங்கினால் அது மரபும் அல்ல, அறிவியலும் அல்ல. விதையும் எண்ணெயும் உணவுக்கு ஆகாதவை. உள்ளே போனால் வாந்தி, குமட்டல் வரும். சித்த மருத்துவர்கள் உள்ளுக்குக் கொடுக்கும்போது அளவும் சுத்தி முறையும் அனுபானமும் பார்த்துக் கொடுப்பார்கள். தமிழகத்தின் முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் பாளையங்கோட்டையில் இயங்குகிறது. விருதுநகரிலிருந்து அது தூரமில்லை. அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிட விரும்புகிறவர்கள் கேட்க வேண்டிய இடம் அதுதான். வாட்சப்பில் வரும் மூலிகைச் செய்தியைப் பார்த்து வீட்டில் கலக்கிக் குடிக்கக் கூடாது.

சிரங்குக்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஒருவருக்குச் சிரங்கு வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். துணி, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் அரிக்கும் பிள்ளைக்கு மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் ஆனாலும் சிரங்கு வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். மருத்துவர் எழுதித் தரும் பெர்மெத்ரின் களிம்பு சிரங்குக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து. புங்க எண்ணெய் அதற்குப் பதில் அல்ல. வறண்ட தோலுக்கும் சாதாரண அரிப்புக்கும் அது நல்ல துணை.

பட்டாசுத் தொழிலாளர்களின் தோல் தனிக் கதை. கந்தகம், அலுமினியத் தூள், வெடியுப்பு என நாள் முழுவதும் கையில் படுவது எல்லாம் தோலை வறளச் செய்பவை. எரிச்சலும் அரிப்பும் வெடிப்பும் பலருக்கு உண்டு. புங்க எண்ணெய் இங்கே உதவும், ஒரு நிபந்தனையோடு. வேலை முடிந்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஈரம் துடைத்த பிறகு, இரவில் தடவ வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் தடவினால், எண்ணெய்ப் பசையில் தூள் இன்னும் கெட்டியாக ஒட்டும். எளிதில் தீப்பிடிக்கும் மருந்துகளைக் கையாளும் இடத்துக்கு எண்ணெய்க் கையோடு போவது எந்த விதத்திலும் சரியல்ல. முதலில் சின்ன இடத்தில் தடவிப் பார்த்து, எரிச்சல் இல்லை என்றால் மட்டுமே தொடர வேண்டும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை தீக்காயத்தைப் பற்றியது. புண்ணை ஆற்றும் எண்ணெய் என்ற பெயர் இருப்பதால் தீப்பட்ட இடத்திலும் அதைப் பூசலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. தீப்பட்ட முதல் சில நிமிடங்களில் செய்யும் காரியம் காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட வேண்டும். எண்ணெய், பற்பசை, மாவு, மை, மஞ்சள் எதுவும் கூடாது. எண்ணெய் வெப்பத்தை உள்ளேயே தேக்கும். மருத்துவர் காயத்தைப் பார்க்கவும் தடையாகும். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. கடுமையான காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். புங்கையின் பெருமையை எழுதும் எந்தக் கட்டுரையிலும், குறைந்தபட்சம் இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதுவதில், இந்தப் பத்தி இல்லாமல் இருக்கக் கூடாது.

மருந்து போகட்டும், வயலுக்கு வருவோம். நெல் நடும் முன் புங்கந்தழையை வெட்டிப் போட்டு மிதித்து மக்கவிடுவது தமிழகத்தின் பழைய உர முறை. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது, மண்ணுக்கு ஆகும். தழைச்சத்து தருவதோடு கரையானையும் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் தூர நிறுத்தும். யூரியா போட்ட வயலில் தழைச்சத்து சீக்கிரம் கரைந்து வீணாவதற்குக் காரணமான பாக்டீரியாக்களின் வேகத்தைக் கரஞ்சின் மட்டுப்படுத்துகிறது என்பதும் ஆய்வில் தெரிந்த செய்தி. வேம்பு பூசிய யூரியாவுக்குப் பின்னால் இருக்கும் கருத்தும் இதுவே. இயற்கை விவசாயிகள் காய்ச்சும் பூச்சி விரட்டிக் கரைசலில் நொச்சி, வேம்பு, எருக்கு, ஆடாதோடையோடு புங்க இலையும் ஊறும். பயறு சேமிக்கும் குதிரில் காய்ந்த புங்க இலையைப் போட்டு வைக்கும் வழக்கம் இன்றைக்கும் சில வீடுகளில் உண்டு.

எரிபொருளாகவும் புங்க எண்ணெய்க்கு ஒரு காலம் வந்து போனது. 2003இல் திட்டக்குழு பயோடீசலைப் பரிந்துரைத்தபோது நாடு முழுக்க எல்லோரும் காட்டாமணக்கின் பின்னால் ஓடினார்கள். எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்காமல் அந்த ஆர்வம் அடங்கிவிட்டது. புங்கையை நம்பியவர்கள் சத்தமில்லாமல் சிலவற்றைச் செய்து காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கன்னடத்தில் ஹொங்கே என்று வழங்கும் புங்க எண்ணெயைக் கொண்டு கர்நாடகக் கிராமங்களில் ஜெனரேட்டரை ஓட்டினார். அன்றைய ஆந்திரத்தின் ஆதிலாபாத் மாவட்டத்தில் பவர்குடா என்ற பழங்குடிக் கிராமத்துப் பெண்கள் புங்கை நட்டு எண்ணெய் எடுத்தார்கள். டீசலுக்குப் பதில் அந்த எண்ணெயால் மிச்சமாகும் 147 டன் கரியமில வாயுவுக்காக, 2003இல் உலக வங்கி அவர்களுக்கு 645 டாலர் கொடுத்தது. தொகை பெரிதல்ல. மரத்தடியில் விதை பொறுக்கும் பெண்களின் கணக்கில் வாஷிங்டனிலிருந்து பணம் வந்தது என்பது பெரிது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நோய் தாக்கி அழிந்த ஆரஞ்சுத் தோட்டங்களில் டெர்விவா என்ற நிறுவனம் புங்கையை நட்டது. கசப்பை நீக்கி அந்த எண்ணெயை உணவுக்கே கொண்டுவரும் முயற்சியிலும் இறங்கியது.

இதையெல்லாம் வைத்து விருதுநகரைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். இது எண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன ஊர். நல்லெண்ணெய்க்கு விலை சொல்லும் சந்தை இங்கே இருக்கிறது. செக்கும் எக்ஸ்பெல்லரும் பழகிய கைகளும் இருக்கின்றன. 100 கிலோ புங்க விதையை நாட்டுச் செக்கில் ஆட்டினால் 18 முதல் 22 கிலோ வரை எண்ணெய் காணும். எக்ஸ்பெல்லரில் போட்டால் 24 முதல் 26 கிலோ வரை. மீதி அத்தனையும் உரமாகும் புண்ணாக்கு. வளர்ந்த மரம் ஒன்று மண்ணையும் வயதையும் பொறுத்து ஆண்டுக்கு 9 கிலோவிலிருந்து 90 கிலோ வரை விதை தரும். அப்படியிருந்தும் சாலையோரத்திலும் பள்ளி வளாகங்களிலும் ஆலை வளாகங்களிலும் உதிரும் காய்கள் பெரும்பாலும் சருகோடு சருகாகக் கூட்டிக் குவித்துக் கொளுத்தப்படுகின்றன. மழைக்காலத்தில் பட்டாசு வேலை படுக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். வேலையில்லா நாட்களின் வருமானத்தைப் பற்றிப் பேசும் அனைவரும், மாசி, பங்குனியில் மரத்தடியில் கிடக்கும் இந்தக் காய்களைப் பொறுக்கிக் காயவைத்து இருப்பு வைப்பதையும் ஒருமுறை யோசிக்கலாம். பெரும் பணம் வராது. ஆனால் முதலீடு ஒரு சாக்கும் ஒரு தடிக்கம்பும்தான்.

மரம் வளர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் புங்கை அதிகம் சிரமம் தராது. உவர் மண்ணிலும் கரிசலிலும் பிடிக்கும். முதல் இரண்டு கோடை தண்ணீர் காட்டிவிட்டால் பிறகு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆடு மாடு விரும்பிக் கடிக்காத இலை என்பதால் வேலிச் செலவு குறைவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த நினைக்கிறது. நாட்டு மரங்களுக்கு அதில் முன்னுரிமை. சீமைக்கருவேலம் அகற்றிய கண்மாய்க் கரைகளிலும் ஊரணிக் கரைகளிலும் புங்கையை வைத்தால் மண்ணரிப்பும் குறையும். இயற்கையில் இது நீர்க்கரை மரம். தண்ணீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கிய காய்களிலிருந்தும் புதிய மரங்கள் எழும்.

ஆலை வளாகத்துக்கு நடும்போது சில கவனங்கள் தேவை. பக்கவேர் தூரம் ஓடும். வேரிலிருந்தே புதுக் கன்றுகள் கிளம்பும். ஆகவே மருந்து அறையின் சுவரை ஒட்டி நடக் கூடாது. இலையுதிரும் மாதங்களில் சருகை நாள் தவறாமல் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். மருந்து இருக்கும் இடத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லோ சருகோ கிடப்பது தீக்கு வழி காட்டும். உணவு உண்ணும் இடத்தையும் ஓய்வு எடுக்கும் இடத்தையும் அறைகளிலிருந்து தள்ளி ஒதுக்கி, அங்கே நான்கைந்து புங்கையை நட்டு ஒரு திண்ணையும் போட்டுவிட்டால், வெக்கை தாங்காமல் மருந்தோடு மரத்தடிக்கு வரும் பழக்கத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். இளைப்பாற நல்ல இடம் இருந்தால் மனிதர் வேலையை அறையில் வைத்துவிட்டு வருவார்.

நடுவதற்கு விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் விழும் முற்றிய காயை உடைத்து, அந்த ஆண்டே விதைக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் முளைப்புத் திறன் குறைந்துவிடும். ஊறவைத்தல், கீறுதல் என்ற எந்த நேர்த்தியும் தேவையில்லை. மண்ணும் மணலும் தொழுஉரமும் கலந்த பையில் விரற்கடை ஆழத்தில் ஊன்றி நீர் தெளித்து வந்தால் இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் முழங்கால் உயரக் கன்று தயாராகிவிடும். கரிசல் காட்டில் கன்றை இறக்கச் சரியான மாதம் அது. நான்காம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டுக்குள் மரம் காய்க்கத் தொடங்கும்.